முந்திக்கொண்ட எதிரொலி

திரையில் எதிரொலி முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஒலி வந்தது.

பெரியவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காதுக்குள் ‘டிக்’ என்று ஒரு சின்ன ஒலியைப் போட்டால், நல்ல காதாக இருந்தால் உள்காது அதற்குப் பதிலாகத் தானும் ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். கொசுவின் முனகலைவிடச் சன்னமான அந்தப் பதிலை, காதில் செருகிய பட்டாணி அளவு மைக் பிடித்துக்கொள்ளும். அதை அளந்து அளந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லும் காதை இதுவரை அவள் பார்த்ததில்லை.

“மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்று திட்டிக்கொண்டே எழுந்து ‘பெட்டி’க்குப் போனாள். சத்தம் புகாத அந்தச் சோதனை அறைக்கு ஆய்வுக்கூடத்தில் அதுதான் பெயர். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், தானாகவே வந்து மூடிக்கொள்ளும் கனத்த கதவு. உள்பக்கப் பிடி உடைந்ததிலிருந்து, இடுக்கில் ஒரு மரக்கட்டையைக் கொடுக்காமல் யாரும் உள்ளே காலெடுத்து வைப்பதில்லை. ரிப்பேர்காரர் ‘இதோ வர்றேன்’ என்று சொன்னதோடு சரி. பெரியவள் கட்டையைக் காலால் தள்ளிச் செருகிவிட்டு நுழைந்தாள். பசையும் பழைய வியர்வையும் கலந்த வாடை அடித்தது.

நாற்காலியில் அவள் தங்கை சின்னவள் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள்.

“இப்பவாவது நம்புறியா?” என்றாள்.

“மைக் ஓட்டை. சும்மா இரு.”

“அதையும் நீ சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன்.”

பெரியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சில மாதங்களாகவே இந்தப் பாட்டுத்தான். யாரும் பேசுவதற்கு முன்பே பேச்சு கேட்கிறதாம். தட்டு உடைவதற்கு முன்பே உடைகிற சத்தமாம். முதலில் இமைக்கும் நேரந்தான் முந்தியதாம். இப்போது நாழிக்கணக்கில் முந்துகிறதாம். மகன் அலறுகிறான் என்று போன வாரம் ஓடியிருக்கிறாள். பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தானாம். அன்று சாயங்காலமே மாடிப்படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். புருஷன் பிரமை என்றான். பெரியவளோ இன்னும் ஒரு படி மேலே போய், “உனக்கு எப்பவும் எல்லாரும் உன்னையே பாக்கணும்” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். விடுமுறை நாளில் ஆளில்லாத ஆய்வுக்கூடத்துக்குத் தங்கையை இழுத்துவந்ததுகூட, அவள் வாயை ஒரேயடியாக அடைக்கத்தான்.

புது மைக்கை முதலில் தன் காதில் வைத்துச் சோதித்தாள். ஒழுங்காக இருந்தது. தங்கை காதில் வைத்தாள்.

“காலையிலேருந்து ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குக்கா.” சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஐஸ்கட்டியாக இருந்தது. “என்னன்னு என்னைக் கேக்காதே. என் காதை மட்டும் சரி பண்ணிடு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

“பொறு, பாக்கறேன்” என்று கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள் பெரியவள். கட்டையை உருவினாள். கதவு பின்னால் மூடிக்கொண்டது.

மறுபடியும் ‘டிக்’ போட்டாள். மறுபடியும் பதில்தான் முந்தியது. நல்ல வெயில் நேரம். ஜன்னலுக்கு வெளியே தரை பளீரென்று எரிந்தது. இருந்தும் அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஒலி போடுவதையே நிறுத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கின் சத்தத்தை மெல்லக் கூட்டினாள். அந்தக் காது தானாக என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் இரைச்சல். ரத்தம் ஓடும் சத்தம். பிறகு அதற்கும் அடியில், ‘தும், தும்’ என்று எதுவோ. மெத்தைமேல் உள்ளங்கையால் அடிப்பதுபோல. கூடவே ஒரு பெண்குரல், தொண்டை கிழிய.

“யாராவது கதவைத் தொறங்களேன்!”

கண்ணாடி வழியே பார்த்தாள். சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது.

“மூச்சு விடுடி... கண்ணு... கண்ணைத் தொறடி...”

பெரியவளுடைய சொந்தக் குரலேதான். ஆனால் அவள் தங்கையைக் கண்ணு என்று கூப்பிட்டுப் பல காலம் ஆயிற்று. பிறகு குரலும் நின்றது. இரைச்சலும் நின்றது. துடைத்துவிட்டாற்போல ஒன்றுமே இல்லை.

ஐயோ! அந்தப் பெட்டியில் இனி ஒரு நொடிகூடத் தங்கை இருக்கக் கூடாது. பெரியவள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். கண்ணாடிக்கு அப்பால் சின்னவள் துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். வாய் அசைந்தது. கூப்பிடுகிறாள் என்றுதான் பெரியவள் நினைத்தாள். கதவை இழுத்துத் திறந்து உள்ளே பாய்ந்தாள்.

“வாடி வெளியே!”

“வராதே, வராதேன்னு கத்தினேனேக்கா” என்றாள் சின்னவள்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

கட்டை வெளியே கிடந்தது. போன் வெளியே, மேஜைமேல். கதவில் பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. விரலை விட்டாள். திருகினாள். நகம் பெயர்ந்தது. கதவு இம்மியும் நகரவில்லை.

“அக்கா.”

திரும்பினாள். சின்னவள் காதிலிருந்து மைக்கைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முகத்தில் களை வந்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

“நின்னுடுச்சுக்கா. இனிமே வர்ற சத்தம்னு ஒண்ணுமே இல்ல. எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?”

தலை மெல்லத் தோளில் சாய்ந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. மார்பு மட்டும் எழவில்லை.

பெரியவள் தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாது. அந்த வார்த்தைகளைச் சொல்லவே கூடாது. சொல்லாவிட்டால் நடக்காது. உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. தங்கையின் கை நாற்காலியிலிருந்து நழுவித் தொங்கியது.

தும், தும் என்று மெத்தை அதிர்ந்தது. அடிப்பது தன் கைதான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

“கண்ணு” என்றது அவள் வாய்.