பட்டியலில் இல்லாத சத்தம்

பட்டியலில் மூன்று சத்தங்கள்தான் இருந்தன. அவளுக்கு நான்காவதாக ஒன்று கேட்டது.

காது கேளாதவர்களுக்காகப் படங்களுக்குச் சப்டைட்டில் எழுதுவது அவள் வேலை. பேச்சை எழுதிவிடலாம், சத்தத்தை எழுதுவதுதான் பெரும்பாடு. மெல்லத் தட்டுவதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு குடும்பம் வார்த்தைகள். டாப் என்றால் ஒற்றைத் தட்டு. ராப் என்றால் விரல் முட்டியால், கதவில். பேட்டர் என்றால் மழையோ குழந்தையின் கால்களோ, லேசாக, வேகமாக. இந்த மூன்றும்தான் இன்றைய படத்தின் பட்டியலில். ‘டொக்’, ‘டொக் டொக்’ என்று முதல் இரண்டையும் முடித்துவிட்டு, மூன்றாவதற்குப் ‘படபட’வா ‘சடசட’வா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது கேட்டது. யாரோ பொறுமையில்லாமல் காத்திருக்கும்போது சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரல்வரை ஒவ்வொன்றாகப் பலகைமேல் தட்டி ஓடவிடுவார்களே, அப்படி.

படத்தை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். இன்னும் தெளிவாகக் கேட்டது.

மகளின் அறையிலிருந்து வந்தது. சிட்டுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளுக்காகத்தான் இவள் இந்த வேலையையே கற்றுக்கொண்டாள். மதியச் சாப்பாடு முடிந்து படம் வரைகிறேன் என்று கையசைத்துவிட்டுப் போனவள். பொம்மையை வைத்துத் தட்டுகிறாள் போல என்று எண்ணியபடியே போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே தாழ் போட்டிருந்தது.

தாழ்ப்பாள் அம்மாவான அவளுக்கே நெற்றி உயரத்தில் இருந்தது. ஏறி நிற்க அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியை வெளியே எடுத்துவந்து, இவ்வளவு நேரம் அவளேதான் அதில் உட்கார்ந்திருந்தாள்.

பலகைத் தரையில் காலை இரண்டு முறை மிதித்தாள். சிட்டைக் கூப்பிடுவது அப்படித்தான். அதிர்வு பாதத்தில் ஏறியதும் பதிலுக்கு இரண்டு மிதித்துவிட்டு ஓடி வருவாள். பதில் வந்தது. இரண்டு. பிறகு மூன்றாவது. பிறகு எண்ண முடியாதபடி, அறையின் நான்கு மூலையிலிருந்தும், மெத்து மெத்தென்று.

கணவனுக்குப் போன் போட்டாள்.

“கதவு உள்ள தாழ் போட்டிருக்கு. உடனே வாங்க.”

“சிட்டுக்கு எட்டாதே.”

“அதத்தான் சொல்றேன்.”

வேலை பார்க்கும் கிடங்கிலிருந்து வர முக்கால் மணி நேரமாகும் என்றான். பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. தோளால் இடித்தாள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பினாள், அதுதான் வளைந்தது. காது கேட்காத பிள்ளையைத் தொண்டை கிழியப் பெயர் சொல்லிக் கத்தினாள். அவள் கத்தும்போது சத்தம் நின்றது. வாயை மூடியதும் தொடங்கியது. கதவுக்கு இன்னும் கிட்டத்தில்.

மண்டியிட்டாள். கதவுக்கடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இடைவெளி. அதன் வழியே கையை முடிந்தமட்டும் உள்ளே நீட்டி, விரல்களை அசைத்தாள். வாடா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்.

விரல் நுனியில் ஒரு தட்டு.

பிறகு அடுத்த விரலில். அடுத்ததில். ஒவ்வொன்றாக, மெதுவாக, செல்லமாக.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிட்டுதான். பக்கத்தில்தான் இருக்கிறாள். கையை எடுக்காமலே கன்னத்தைத் தரையில் அழுத்தி உள்ளே பார்த்தாள்.

சிட்டின் பாதங்கள் தூரத்தில் தெரிந்தன. எதிர்ச் சுவரோரம், கட்டிலுக்கு அப்பால். சேர்த்து வைத்த இரண்டு பாதங்கள். அசையவில்லை.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே, தரை முழுவதும், மேலேயிருந்து இறங்கி நின்றன விரல்கள். வெளிறியவை. முழங்கை நீளத்துக்கு, கணுக்கணுவாக மடங்கியவை. நுனியால் தரையைத் தொட்டும் தொடாமலும் தட்டிக்கொண்டிருந்தன.

அவள் கையை இழுத்தாள். வரவில்லை.

சுவரோரம் சிட்டின் குதிகால்கள் எழும்பின. பிறகு கட்டை விரல்கள். பாதங்கள் இரண்டும் தரையை விட்டு, அவசரமில்லாமல், மேலே போயின.

தட்டுவது நின்றது.

பாதங்கள் முழுவதும் மறைந்த பிறகு, விரல்கள் எல்லாம் ஒன்றாகக் கதவுப் பக்கம் திரும்பின.