பட்டியலில் ஒரே பெயர்

மூன்றாவது கணினியும் விஹ்ராவை உள்ளே விடவில்லை. நுழைய அவளுக்கு உரிமை இல்லை என்று அதே ஒற்றை வரி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், காப்ரோவோ நகரில் மதியத்திலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது, தொழிற்பள்ளிக் கட்டடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் சுவருக்கு அப்பால், பூட்டிக் கிடந்த கணினிக்கூடத்தில், யாரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

கைபேசியில் ஸ்தாமெனை அழைத்தாள். அவளுடைய அப்பா லியூபென் இறந்தபின் பள்ளியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவன் அவன்.

"அண்ணா, எந்த மெஷினும் என்னை விடமாட்டேங்குது."

"நீ எதுக்கு அங்க போன? இன்னிக்கு அப்பாவுக்கு நாப்பதாம் நாளாச்சே?"

"கல்லறைக்குப் போயிட்டு வந்துட்டோம். நாளைக்கு நீங்க அவரு கணக்க அழிச்சிடுவீங்கள்ல... அதுல அவரு குரல் இருக்குண்ணா. எனக்காகப் பேசி வச்சது. ஒரே ஒரு தடவ கேட்டுக்கலாம்னு..."

"சரி. எதைத் தொட்ட? மறைக்காம சொல்லு."

சொன்னாள். அப்பாவின் மேசை இழுப்பறையில் கிடந்த தலைமைக் கடவுச்சொல். பள்ளிக் கணினிகளில் யார் யார் உட்காரலாம் என்று மையத்திலிருந்து ஆணையிடும் பட்டியல். அவர் கணக்கு மறுபடி திறக்கட்டும் என்று அதில் அவர் பெயரை எழுதினாள்.

"அவரு பேர மட்டுமா?"

"ஆமா."

"அடிப் பாவி! மையத்துல போடுற லிஸ்ட் பழசோட சேராதுடி. பழசத் தூக்கிப் போட்டுட்டு அது உக்காந்துக்கும். அவரு ரூமுக்கு மட்டும்தான போட்ட?"

"மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும். கட்டாயம்னும் டிக் பண்ணிட்டேன்."

"பிரமாதம். வாத்தியாருங்க, பசங்க, நான், எல்லாரும் வெளிய. இப்ப அந்தக் கட்டடத்துல உக்கார உங்கப்பா ஒருத்தருக்குத்தான் உரிமை." சிரித்துவிட்டான். உடனே, "மன்னிச்சிடும்மா" என்றான்.

அவள் காதில் அது விழவில்லை. காலையில் சமாதியருகே சர்க்கரை போட்ட அவித்த கோதுமையைக் காகிதக் கிண்ணங்களில் பங்கிட்டபடி அம்மா சொன்னதுதான் நெஞ்சில் இடித்தது. "இன்னியோட அவரு கிளம்பிடுவாரு. அழுதுக்கோ. ஆனா கூப்பிடாத. கூப்பிட்டா போக முடியாம நின்னுடுவாரு." விஹ்ரா கூப்பிடவில்லை. பெயரை எழுதினாள், அவ்வளவுதான்.

புதிய ஆணை எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் எட்டுவதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்டது, நாற்காலிக் கால்கள் தரையைத் தேய்க்கும் ஒலி. நடைவழிக்கு வந்தாள். வெந்நீர்க் குழாய்களின் வெதுவெதுப்பில் பழைய தூசி வாடையோடு, ஈயப்பற்று வைக்கும்போது எழும் அந்தப் புகை வாடையும், அவருடைய கம்பளிச் சட்டையில் எப்போதும் ஒட்டியிருந்த மலிவான புகையிலை வாடையும் கலந்து வந்தன. கூடத்துக் கதவின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

திரைகள் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு வயது விஹ்ரா, முன்பல் இல்லாமல் சிரித்தபடி. அவர் தன் கணினித் திரையில் வைத்திருந்த படம்.

நாற்காலிகளில் யாருமில்லை.

விசைகள் அமுங்கின. இரண்டு விரலால் தட்டும் சத்தம். அவர் அப்படித்தான் தட்டுவார். இருபத்துநான்கு இடங்களில்.

"விஹ்ரா? என்ன சத்தம் அது?" கைபேசியில் ஸ்தாமென் கேட்டான். "கதவு பக்கத்துல, வெளிய மெயின் சுவிட்ச் இருக்கு. இறக்கிடு. எல்லாம் அணைஞ்சிடும். கேக்குதா?"

கை சுவிட்சுக்குப் போனது.

தட்டுவது நின்றது. எல்லாத் திரையிலும் ஒரே வரி.

குட்டி, எல்லாக் கதவும் திறந்திருக்கு. எது வழியாப் போறதுன்னு தெரியல.

"அப்பா..." என்றாள். வாய் தவறி. கூப்பிட்டுவிட்டாள்.

இருபத்துநான்கு நாற்காலிகளும் மெல்லத் திரும்பின. அவளை நோக்கி.

சுவிட்சின் இரும்புப் பிடி சில்லென்றிருந்தது. இதை இறக்கினால் அவர் போய்விடுவாரா? இல்லை, அந்த இருட்டுக்குள் அவரை வைத்துப் பூட்டிவிடுவாளா?