ஜெனரலின் மறுபக்கம்

முப்பத்தொன்பது மணி நேரம்.

மாடிப்படிக்குக் கீழே கழுத்து முறிந்து கிடந்த கணவன் ஆர்லோ ஷ்ரைனரை வெர்னா பார்த்து அவ்வளவுதான் ஆகியிருந்தது.

சுவரில் வெறும் ஆணி.

தரையில் பின்பக்கம் கிழிக்கப்பட்ட ஃப்ரேம். உள்ளே இருந்த ஜெனரல் டைஸைக் காணோம்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல் இதே கெட்டிஸ்பர்க்கில் குண்டடிபட்டுச் செத்தவர். அவர் கையெழுத்திட்ட போட்டோ உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பார் ஆர்லோ. இருபதாவது திருமண நாளுக்கு வெர்னா கொடுத்த பரிசு. ஃப்ரேமைப் பிரிக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தாள்.

அழைப்பு மணி!

க்ளைட் ரைன்ஹார்ட். கையில் ஆவி பறக்கும் ஹாமும் உருளைக்கிழங்கும். ஆர்லோவின் மாப்பிள்ளைத் தோழன். அவரைப் போலவே ஜெனரல்களின் போட்டோவுக்கு அலைகிறவன்.

"ஒரு வாய் சாப்பிடு, வெர்னா. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு."

"இறங்கல, க்ளைட்."

அவன் ஆணியைப் பார்த்தான்.

"கஞ்சப்பய! எத்தனை வருஷம் கெஞ்சினேன், ஒரு தடவை பின்பக்கத்தைக் காட்டுடான்னு... காட்டாமலே போயிட்டானே!"

அழுதான். நிஜக் கண்ணீர்!

"நீ பார்க்காததே நல்லது, க்ளைட்."

"ஏன்?"

"ஃப்ரேம் போட்டதே நான்தான். போட்டோ பின்னாடி அரசாங்க வரி ஸ்டாம்ப் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு."

க்ளைட் வெளுத்தான்.

"போட்டோவுக்கு வரி வந்ததே அறுபத்து நாலுல. உனக்குத் தெரியாததா? அறுபத்து மூணுல செத்தவர் எழுந்து வந்தா கையெழுத்துப் போட்டார்? போலி! ஒரு போலிக்காக எவனோ என் புருஷனைக் கொன்னுட்டான்..."

"பொய்!" துள்ளி எழுந்தான். "ஸ்டாம்பும் இல்ல, மண்ணும் இல்ல! லென்ஸ் வெச்சுப் பார்த்தேன்... சுத்தமான அட்டை..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

சமையலறைக் கதவு திறந்தது. டிடெக்டிவ் மேவிஸ் ஸ்வோப்... கையில் விலங்கு!

"ஃப்ரேமைக் கிழிச்சவனுக்குத்தானே அது தெரியும், மிஸ்டர் ரைன்ஹார்ட்?"

க்ளைட் சோபாவில் சரிந்தான்.

"தள்ளணும்னு நினைக்கல... அவனுக்கப்புறம் போட்டோ எனக்குத்தான்னு வாக்குக் கொடுத்தவன், வெர்னா! திடீர்னு மியூசியத்துக்குக் கொடுக்கப் போறேன்னான்!"

"அவர் சவப்பெட்டியைத் தூக்க உன்னைத்தான் கூப்பிட இருந்தேன்."

விலங்கு பூட்டப்பட்டது. அப்போதும் அவன் உதட்டில் ஒரு சிரிப்பு.

"ஸ்டாம்ப் நீ விட்ட கதைதானே? அப்ப ஜெனரல் அசல். அந்தக் கையெழுத்து மேல என் விரல் பட்டுச்சு... அது போதும் எனக்கு!"

வெர்னா அவனை உற்றுப் பார்த்தாள். ஆர்லோவிடம் கடைசி வரை சொல்ல முடியாததை இவனிடம் சொன்னாள்.

"போட்டோ அசல்தான், க்ளைட். விலையும் மலிவு. கையெழுத்தோட வாங்கணும்னா வீட்டை வித்தாலும் பத்தாது."

"அதனால?"

"ஜெனரலோ செத்துட்டார்... அதான் அவர் சார்பா நானே போட்டுட்டேன்!"