இன்னும் ஆபத்து வரவில்லை

விரிப்பை மாற்றும்போதுதான் மூத்தவளுக்கு அந்த வாடை தட்டியது. பதினோரு வருஷமாக இதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், நீராவி பறக்கும் சலவை அறையில், வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணிகளைப் பிரித்துப் போடுகிறவள் அவள்; எது ரத்தம், எது வாந்தி, எது சீழ் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். நேற்று தங்கையின் விரிப்பில் இருந்தது வெறும் ஈரம். இன்றைக்கு, காலை பத்து மணி வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் மேல் பளிச்சென்று விழுந்துகொண்டிருக்கையில், அந்த ஈரத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. பல நாள் தண்ணீர் மாற்றாத பூச்சாடியின் அடியில் தங்கும் அழுகல்போல, மெலிதாக.

சட்டென்று விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போகுது? கீழயும் துணி, மேலயும் துணின்னு அலுத்துப்போச்சா?" தங்கை சிரித்தாள். ஓயாத வாய். அதனாலேயே வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர்.

நாலரை மாதம் அவளுக்கு. முந்தாநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை பிழைக்க வழியே இல்லை என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதை வெளியே எடுக்கவும் முடியாது என்றாள். இதயத் துடிப்பு இருக்கிறவரை கைவைக்க இப்போது வந்திருக்கும் புதுச் சட்டம் விடாது. தாயின் உயிருக்கு ஆபத்து என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. 'இப்போ ஆபத்து இல்லையேம்மா.'

மூத்தவள் டாக்டரம்மாவை நடைபாதையில் மறித்தாள். விரிப்பை நீட்டினாள்.

"இதை மோந்து பாருங்க."

டாக்டரம்மா முகர்ந்தாள். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"வாடை வருதுன்னு நான் எழுத முடியாதும்மா. காய்ச்சல் எழுதலாம். பிரஷர் எழுதலாம்." குரல் தணிந்தது. "கொஞ்சம் முன்னாடி கைவெச்சேன்னா நான் ஜெயிலுக்குப் போகணும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"காய்ச்சல் எவ்வளவு வேணும்?"

"நூத்திரெண்டாவது தாண்டணும்."

நர்ஸ் வைத்துப் பார்த்தபோது நூறு இருந்தது. பிறகு குருவியின் வயிற்றில் பசையைத் தடவி, உள்ளங்கையளவு கருவியை அழுத்தினாள். ஓடுகிற குதிரையின் குளம்படிபோல ஒரு சத்தம் அறையெங்கும் நிறைந்தது. டகடக, டகடக, டகடக.

"துடிப்பு நல்லா இருக்கு" என்றாள் நர்ஸ், யாரையும் பார்க்காமல்.

குருவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு நடுக்கம் எடுத்தது. கட்டிலின் இரும்புக்கால் தரையில் தடதடக்க, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்தியும், மூத்தவள் தன் உடம்பையே அவள்மேல் சாய்த்து அமுக்கியும் அடங்கவில்லை. நூற்றியொன்று புள்ளி நாலு. ஏறு, இன்னும் கொஞ்சம் ஏறு என்று மனசு வேண்டியது. அடுத்த தடவை அந்தக் கருவியை வைத்தபோது, நின்று போ, நின்று தொலை என்றது. தான் எதை வேண்டிக்கொள்கிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அது நிற்கவில்லை.

ஒன்றரை மணிக்கு நூற்றிரண்டு புள்ளி ஆறு. டாக்டரம்மா தன் கையெழுத்தைப் போட்டாள். இரண்டாவது கையெழுத்துப் போடவேண்டிய டாக்டர் ஆஸ்பத்திரி வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம், அவர் சம்மதத்துக்காக டாக்டரம்மா போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

அப்போதுதான் மூத்தவளுக்கு அறையின் அமைதி உறைத்தது.

குருவி பேசவில்லை. எத்தனை நேரமாக?

"ஏய், குருவி. அக்காவைப் பாருடி."

கண் திறந்திருந்தது. அக்காவைத் தாண்டி எதையோ பார்த்தது.

"அம்மா... கதவைச் சாத்து. தண்ணி உள்ள வருது."

அம்மா போய் ஆறு வருஷம்.

மூத்தவள் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. நெற்றி கொதித்தது, கை மட்டும் பனிக்கட்டி. நகங்கள் நீலம். கம்பளியை விலக்கினாள். இரண்டு முழங்காலிலும் வலை பின்னியதுபோல ஊதா நிறம். அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை.

நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள். மறுபடி அடித்தாள். முகம் வெளுத்தது.

"சிஸ்டர்? எவ்வளவு?"

நர்ஸ் இடதுகையால் மணியை அழுத்தினாள். வலதுகை, பழக்கதோஷத்தில், கருவியை எடுத்து வயிற்றில் வைத்தது.

டகடக. டகடக.

மூத்தவள் பாய்ந்து போய்க் கண்ணாடியில் அறைந்தாள். உள்ளங்கை எரிய எரிய அறைந்தாள். டாக்டரம்மா திரும்பினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. உதடுகள் போனிடம் எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தன.

மூத்தவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். ஊதா வலை தொடையைத் தாண்டியிருந்தது. இடுப்பைத் தாண்டியிருந்தது. பசை மினுங்கும் வயிற்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. குருவியின் கண் இமைக்கவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. அந்த வாயிலிருந்து ஒரு மூச்சும் கேட்கவில்லை. வயிற்றிலிருந்து மட்டும் குதிரை ஓடிக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப்புறம் டாக்டரம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல், கையைத் தூக்கி, ஒற்றை விரலைக் காட்டினாள்.

ஒரு நிமிஷம்.