நீலக் கதவு

மழைக்காலத்திலிருந்து மிளகின் அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். என்ன கேட்டாலும் பதில் இல்லை. ஊட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான்.

மிளகு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு.

அப்பா தேசிய கார் பந்தயத்தில் ஓட்டியவர். அந்தக் கார்கள் பார்க்கத் தெருவில் ஓடுபவை போலத்தான் இருக்கும். வேகம் மட்டும் பேய் வேகம். ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் பந்தயம் நடக்கும். அதிகப் புள்ளி சேர்ப்பவரே சாம்பியன்.

மழை கொட்டிய ஒரு பந்தயத்தில், பின்னால் வந்த சிவப்புக் கார் வழுக்கி மோதியது. அப்பாவின் நீலக் கார் சுவரில் போய் நொறுங்கியது. கால்கள் இனி நடக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சிவப்புக் காரை ஓட்டிய இளம்பெண் பலமுறை வீட்டு வாசல்வரை வந்தாள். அம்மா அவளை உள்ளே விடவே இல்லை.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தின நாள், அவளுடைய மெக்கானிக் வந்து நின்றார்.

"பயிற்சியில எங்க காரோட கதவு நசுங்கிப் போச்சும்மா. கதவு இல்லாம ஓட விடமாட்டாங்க. எங்கயும் கிடைக்கல. ரெண்டும் ஒரே மாடல்தானே, உங்க கார்ல ஒரு பக்கக் கதவு நல்லா இருக்குதாமே..."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வந்தீங்க?" அம்மா வாசலை மறித்து நின்றாள்.

மிளகு எட்டிப் பார்த்தாள். தெருவில் நின்ற வேனுக்குள் அந்த அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். மிளகுக்கும் அவள்மேல் கோபம்தான். மனசுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறாள். ஆனால் இப்படி அழுகிறவளை எப்படித் திட்டுவது?

அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, உங்க கார் கதவை அந்த அக்காவுக்குக் கேக்குறாங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க."

மிளகு அவர் தோளை உலுக்கினாள்.

"தலையையாவது ஆட்டுங்க."

அப்பா அசையவில்லை. மிளகு பொறுத்துப் பார்த்தாள்.

"சரி. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!"

வாசலுக்கு வந்தாள். "அம்மா, அப்பா வேணாம்னு சொல்லல."

"சரின்னு சொன்னாரா?"

"அதுவும் சொல்லல. ஆனா கொட்டகையில கெடந்து துருப்பிடிக்கிறதுக்கு, அப்பா கதவு நாளைக்கு ஓடட்டுமேம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைச் சாவியை நீட்டினாள். அந்த அக்காவை உள்ளே கூப்பிட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள், அப்பாவின் அறையில் விபத்துக்குப் பிறகு யாரும் தொடாத டிவியை மிளகு போட்டாள். சிவப்புக் காரில் நீலக் கதவு. வண்ணம் பூச நேரமில்லை போலும்.

"ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்குப்பா!" என்று மிளகு சிரித்தாள்.

கட்டில் கிறீச்சிட்டது. அப்பாவின் தலை மெல்லத் திரும்பியது.

ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. சாம்பியன் பட்டம் வேறு யாருக்கோ போனது. பந்தயம் முடிந்ததும் அந்த அக்கா இறங்கி, நீலக் கதவின்மேல் கையை வைத்தபடி நின்றாள். அறை வாசலில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அங்கிருந்து போகவில்லை.

அப்பாவின் கன்னம் ஈரமாக இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"நம்ம கதவு மூணாவதா வந்திருக்கு," என்றார்.