பதினெட்டாம் எண்

பாகியோ மலை நகரத்தில் நண்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். டாக்டர் ஜோவிதா அகோப் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு பல்கலைக்கழக மானுடவியல் துறையின் கீழ்த்தள அறையைத் திறந்தாள். உள்ளே பூச்சி உருண்டை வாசனை.

மேஜைமேல் ஒரு பெண்ணின் மண்டையோடு. நெற்றியில் கறுப்பு மையில் 'பதினேழு' என்று எழுதியிருந்தது. இந்தத் துறையை ஆரம்பித்த வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு முன் ஜோவிதாவின் ஊர்க் கல்லறையைத் தோண்டி எடுத்து வந்தது. சுருட்டுச் சாம்பல் கறை படிந்த தன் பதிவேட்டில் தலையின் அகலத்தைக் குறித்து, 'பெண். காட்டு இனம். கற்பிக்க இயலாது' என்று சாய்ந்த கையெழுத்தில் முடித்திருந்தார். இன்று அதே துறை மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெண்ணை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது.

"கடைசியா ஒரு தடவை அளந்துடுங்க டாக்டர்," என்றார் துறைத் தலைவர் வெலார்டே.

"மன்னிப்புக் கேக்க அளவு எதுக்கு சார்?"

"அளவு இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது. அப்புறம் அனுப்பறது அடுத்த வருஷம்தான்."

ஊரிலிருந்து வந்த ஃபெர்மின் மாமா காலையிலிருந்து வெளியே போர்வையோடு காத்திருந்தார். பதினைந்து வருட வேலையில் ஜோவிதாவின் மனசு மரத்துப்போயிருந்தது. அந்த வெள்ளைக்காரரின் பித்தளை அளவுகோலை எடுத்து, அதன் வளைந்த இரு முனைகளையும் மண்டையோட்டின் இரு பக்க நெற்றிப்பொட்டிலும் வைத்து அளந்தாள். வெலார்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மாமா வந்து, "உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம் தாயி, பயப்படாதே," என்று பேசிக்கொண்டே மண்டையோட்டைப் போர்வையில் சுற்றினார்.

பிறகு கேட்டார். "அளக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"சொல்லாமத் தொட்டது அந்த வெள்ளைக்காரன் ஒருத்தன்தான். நீயுமா?"

அவர் போய்விட்டார். அறையில் குளிர் மட்டும் போகவில்லை.

ஜோவிதா அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டுவிட்டுப் பதிவேட்டைக் கையில் எடுத்தாள்.

பின்னால் சுருட்டு வாசனை.

இரண்டு சில்லிட்ட முனைகள் அவளுடைய இரு பக்க நெற்றிப்பொட்டிலும் வந்து அமர்ந்தன.

வலிக்கவில்லை. கத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

முனைகள் விலகின.

பெட்டி பூட்டியபடியே இருந்தது. பதிவேட்டில் பதினேழுக்குக் கீழே, அதே சாய்ந்த கையெழுத்தில் புதிதாக ஒரு வரி.

'பதினெட்டு. பெண். காட்டு இனம். அளக்கும்போது அசையவில்லை.'