அரை அடிக்குக் கீழே

மார்கழிப் பொழுது சாய்ந்து, வரப்புப் புல்லில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கிய சாந்தகுமாரின் காலுக்கு மண் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலின் சூடு அல்ல அது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாயின் சூடு.

வேலூரிலிருந்து வந்த விவசாய இன்ஸ்பெக்டர் அவன். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரால் நிலம் கெட்டுவிட்டதாகப் பேரணாம்பட்டுப் பக்கமிருந்து மனு வந்திருந்தது. மண் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நிலத்துக்காரி கெங்கம்மாள் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை. ஒருவரும் வயலில் இறங்கவும் இல்லை.

“வர்றவங்க எல்லாம் மேலாப்புல அள்ளிக்கினு போய்ட்டாங்க. நீயாவது ஆழமா தோண்டு சார்.”

“அரை அடி போதும்மா. அதான் முறை.”

“கீழ இன்னா கீதுன்னு பாக்காம நீ பஸ் ஏற மாட்ட.”

ரோட்டுக்குப் போகும் வரப்பில் நான்கைந்து ஆட்கள் நகர்ந்து வந்து வழியை அடைத்துக்கொண்டார்கள். அவன் மண்வெட்டியை எடுத்தான்.

உப்புப் பூத்த மேல்மண் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் அழுகிய கொழுப்பும் கலந்த ஷாப்பு நாற்றம் குப்பென்று வந்தது, அதற்கு அடியில் இன்னொரு வாசனை, தொழுவத்தில் மாட்டின் விலாவோடு முகத்தை வைத்தால் வருமே, அந்த வாசனை, மெல்ல மெல்ல மேலேறி வந்து அவன் மூக்கை நிறைத்தது.

மண்வெட்டி எதிலோ பட்டு எகிறியது.

குனிந்து பார்த்தான். ரோமம். ஷாப்பில் மழித்த ரோமம் கால்வாய் வழியாக வந்து படிந்திருக்கும் என்று நினைத்து, ஒரு பிடி பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

உள்ளங்கையால் மண்ணைத் தள்ளினான். செவலை நிறம். எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தது. ஈரம். சூடு.

“என்னம்மா இது?”

“பத்து வருசமா ஷாப்பு தண்ணி குடிச்ச நெலம் சார். நாங்க சொன்னா எவன் நம்புனான்? கொத்து.”

“மாட்டேன்.”

மண்ணாங்கட்டி ஒன்று அவன் முதுகில் விழுந்தது. இன்னொன்று பிடரியில்.

“கொத்து சார்!”

கண்ணை மூடிக்கொண்டு மண்வெட்டியை ஓங்கி இறக்கினான்.

வரப்பில் நின்றவர்கள் ஒரே நேரத்தில் மறுபக்கம் குதித்து ஓடும் சத்தம் கேட்டது. கெங்கம்மாளும் ஓடினாள்.

முதலில் அவன் காலடி மண் மட்டும் சுளித்தது. ஈ உட்கார்ந்த இடத்தில் மாட்டின் தோல் சிலிர்க்குமே, அப்படி. பிறகு அந்தச் சிலிர்ப்பு நகர்ந்தது. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை. வயல் முழுக்க.

முழங்காலிட்டு விழுந்தான். அசையவில்லை. மூச்சு விடவில்லை.

பனைமரங்களுக்கு அப்பால், தரையிலிருந்து நீளமாக ஏதோ ஒன்று எழுந்தது. நுனியில் ரோமக் குஞ்சம். பனைகளைத் தாண்டி எழுந்து, மங்கிய வானத்தில் ஒரு கணம் நின்று, அவன் இருந்த பக்கமாக மெல்லச் சாய்ந்தது.